கடலூர் வெயிலில் உருளைக்கிழங்கா?

சமையலறைக் கூடையில் கிடக்கும் உருளைக்கிழங்கு முளை விட்டுவிட்டதா? 'நட்டுத்தான் பார்ப்போமே' என்று கை பரபரக்கும். நட்டால் செடி தளதளவென்று வரும். ஆனால் பிடுங்கிப் பார்த்தால் அடியில் கோலிக்குண்டு சைஸில் நாலே நாலு கிழங்கு!

ஊட்டியில் விளைவது கடலூரிலும் சிதம்பரத்திலும் ஏன் இப்படி ஏமாற்றுகிறது? பகல் வெயிலைவிட இரவுப் புழுக்கம்தான் முக்கியக் காரணம். இலை தயாரிக்கும் மாவுச்சத்து கிழங்காகத் திரள, இரவில் 20 டிகிரிக்குக் கீழே குளிர வேண்டும். மண் சூடு 30 டிகிரியை நெருங்கினால் கிழங்கு கட்டுவது அநேகமாக நின்றே போகும். நம் பக்கம் அந்தக் குளிர்ச்சி ஓரளவாவது கிடைப்பது மார்கழி, தையில்தான்.

ஆகவே, கார்த்திகைக் கடைசியில் பெரிய மழை ஓய்ந்ததும் நடுங்கள். 2006-இல் வெளியான 'குஃப்ரி சூர்யா' என்ற ரகம் சூட்டைக் கொஞ்சம் தாங்கும். விதைக்கிழங்கு கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கூடைக் கிழங்கையே நடலாம்.

பழைய அரிசிச் சாக்கின் அடியில் ஓட்டைகள் போடுங்கள். சிதம்பரம் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் தேங்கி கிழங்கு அழுகிவிடும். அதனால் மண்ணோடு மணலும் மக்கிய எருவும் கலந்து, சாக்கில் அரை அளவு நிரப்புங்கள். முளை மேலே பார்க்கும்படி நாலு விரல் ஆழத்தில் கிழங்கைப் புதையுங்கள். காலை வெயில் பட்டால் போதும். மதியம் நிழல் இருக்கட்டும். மண் ஈரமாக இருக்கலாம், சொதசொதவென்று இருக்கக் கூடாது.

செடி ஒரு ஜாண் உயர்ந்ததும் தண்டைச் சுற்றி மண் அணையுங்கள். மேலே வைக்கோல் பரப்புங்கள். இதைச் செய்ய மறந்துவிடாதீர்கள். மண் குளிர்ச்சியாக இருக்கும் என்பது ஒரு லாபம். இன்னொன்று, உங்கள் ஆரோக்கியம்!

வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகிவிடும். பச்சை நிறத்தால் கெடுதல் இல்லை. ஆனால் கூடவே 'சோலனைன்' என்ற நச்சும் ஏறிவிடுகிறது. வேகவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. வாந்தி, வயிற்றுவலி, பேதி வரலாம். லேசான பச்சை என்றால் தோலோடு தடிமனாகச் சீவி எறியுங்கள். அதிகம் பச்சையாக இருந்தாலோ, கசந்தாலோ கிழங்கையே தூக்கிப் போடுங்கள். இலையைக் கீரை என்று சமைத்துவிடாதீர்கள். குட்டித் தக்காளி மாதிரி காய் விட்டால் குழந்தைகள் கைக்குப் போகாமல் கிள்ளி எறியுங்கள்.

சுமார் 90 நாளில் இலை மஞ்சளாகும். மாசிக்குள் சாக்கைக் கவிழ்த்துவிடுங்கள். மூட்டை மூட்டையாக எதிர்பார்க்காதீர்கள். சாக்குக்கு ஒரு வேளைப் பொரியல் தேறினாலே வெற்றிதான்!