தொண்டை கட்டினால் சாதகம் செய்யலாமா?

கேள்வி: கர்நாடக இசை கற்கிறேன். கச்சேரி மேடை ஏற ஆசை. தினமும் மூன்று மணி நேரம் சாதகம் செய்கிறேன். ஒரு மாதமாகக் குரல் கரகரக்கிறது. விடாமல் பாடினால் சரியாகிவிடுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சரியாகாது, அம்மா. முதலில் பாட்டை நிறுத்துங்கள். கரகரப்பு இரண்டு மூன்று வாரம் தாண்டினாலே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல் நாண்களை உள்நோக்கியால் பார்த்துவிட வேண்டும். ஐந்து கட்டையில் நீங்கள் கீழ் சட்ஜத்தைப் பிடிக்கும்போது அந்த நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. மேல் சட்ஜத்தில் 400 முறை. வீங்கிய நாண்களை அப்படி மோதவிட்டால் முடிச்சு விழும். ஆரம்பத்தில் கண்டால் பெரும்பாலும் ஓய்வும் குரல் பயிற்சியுமே போதும்.

ஓய்வு என்றால் குசுகுசுவென்று பேசுவதும் அல்ல. அதுவும் சிலருக்கு நாண்களை வருத்தும். அடிக்கடி தொண்டையைச் செருமாதீர்கள். மிளகுப் பாலும் பனங்கற்கண்டும் இதம் தரலாம், ஆனால் விழுங்குவது எதுவும் நாண்களைத் தொடுவதில்லை. நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதும் ஆவி பிடிப்பதும்தான் உதவும். இரவு தாமதமாகச் சாப்பிட்டுப் படுத்தால் வயிற்று அமிலம் மேலேறிக் குரலைக் கெடுக்கும்.

இன்னொன்று: சுருதி. ஆசிரியரின் கட்டை உங்களுக்கும் பொருந்த வேண்டும் என்று யார் சொன்னது? அரைக் கட்டை இறக்கிப் பாருங்கள். குரல் தெளிந்தபின் சாதகத்தை அரை அரை மணியாகப் பிரியுங்கள்.

மேடைக்கு முன் அகில இந்திய வானொலியின் குரல் தேர்வுக்குத் தயாராகுங்கள். அங்கே கிடைக்கும் 'பி' கிரேடு நல்ல தொடக்கம்.