‘நாள்’ என்றொரு மாறி

எமது நூலகச் செய்நிரலைப் பைதனில் எழுதிய மாணவியர் அதன் தொடக்கத்திலேயே ‘நாள் = 14’ என்றொரு பொது மாறியை வைத்திருந்தனர். மாறி என்பது பெயரிட்ட ஒரு பெட்டி. பொது மாறியை நிரலின் எந்தப் பகுதியும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம். ‘நாள்’ என்பது இன்றைய திகதியா, தாமதமான நாட்களா, இரவல் காலமா? அடுத்த வருடம் நிரலைப் பொறுப்பேற்கும் தங்கை எப்படி அறிவாள்? ‘இரவல்_நாட்கள்’ என மாற்றுவோம் என்றேன். (பைதன் 3 தமிழெழுத்துப் பெயர்களை ஏற்கும், பலருக்கு இது தெரியாது.)

சகோதரிகளே, மாற்றும்போதுதான் கவனம் வேண்டும். தவணை விடுமுறைக்கான தொழிற்பாடு ‘குளோபல் நாள்’ என அறிவித்து, அதில் 21ஐ இடுகிறது. அங்கே மட்டும் பழைய பெயர் தங்கிவிட்டால் பைதன் வழு எதுவும் காட்டாது. பழைய பெயரில் புதிதாய் ஒரு மாறியை உண்டாக்கி, 21ஐ அதில் இட்டுவிடும். இரவல் காலமோ 14ஆகவே நிற்கும். 20ஆம் நாள் நூலைத் திருப்பித் தரும் பிள்ளையிடம், குற்றமேதுமின்றி, 6 நாள் தண்டப்பணம் கேட்கப்படும்.

‘எல்லாவற்றையும் மாற்று’ என்று கொடுப்பதும் சரிவராது. ‘திருப்பும்_நாள்’ என்ற வேறொரு மாறி ‘திருப்பும்_இரவல்_நாட்கள்’ ஆகிவிடும்! ஆகவே ஒவ்வோரிடமாகத் தேடி, வாசித்து மாற்றினோம். பின் விடுமுறைத் தொழிற்பாட்டை இயக்கி, 20ஆம் நாள் திரும்பும் நூலொன்றைப் பதிந்து பார்த்தோம். தண்டப்பணம் பூச்சியம் என்றே வந்தது.