வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் போகும் பென்ஷன்தாரர் முடிக்க வேண்டிய வேலைகள்

செஞ்சி, மேல்மலையனூர் பக்கத்துக் கிராமங்களில் ஆசிரியராகவோ வருவாய்த்துறை ஊழியராகவோ இருந்து ஓய்வுபெற்றவர்களில் சிலருக்கு இப்போது பிள்ளைகள் சிங்கப்பூரில், அமெரிக்காவில். "இங்கயே வந்துடுங்கப்பா" என்று பிள்ளை கூப்பிட்டதும் பென்ஷன், விசா, வீடு மூன்றும் ஒன்றாகத் தலைதூக்கும். விசா பிள்ளையின் வேலையையும் வருமானத்தையும் ஒட்டியது. அது உங்கள் கையில் இல்லை. அதனால்தான் பென்ஷனையும் வீட்டையும் கடைசிவரை உங்கள் கையிலேயே வைத்திருங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் விசா. எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள் என்பது தெரிந்தால்தான் வங்கி, வரி வேலைகளைத் தொட முடியும். அமெரிக்கப் பார்வையாளர் விசாவில் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் வரை இருக்கலாம். கிரீன் கார்டுக்குப் பிள்ளை 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். பிள்ளையிடமே கிரீன் கார்டுதான் இருக்கிறதென்றால் பெற்றோருக்கு மனுப்போட முடியாது. கனடாவின் சூப்பர் விசாவில் ஒரே தடவையில் 5 ஆண்டு வரை தங்கலாம். குறைந்தது 1 லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கும் பிள்ளை பெற்றோரை நீண்டகாலப் பாஸில் அழைக்க, மாதச் சம்பளம் 12,000 சிங்கப்பூர் வெள்ளியாவது இருக்க வேண்டும். பிள்ளைக்கு வேலை போனால் உங்கள் பாஸும் போய்விடும்.

மாசியில் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து, மழைக்காலம் முடியும்வரை இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைப்பவர்களுக்குக் கிரீன் கார்டு ஏற்றதல்ல. அது அங்கேயே குடியிருப்பவர்களுக்கானது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விமான நிலையத்தில் கேள்வி வரும். முன் அனுமதி வாங்காமல் ஓராண்டு தாண்டினால் அந்த உரிமையே பறிபோகலாம். வைத்தியச் செலவையும் இப்போதே பேசிவிடுங்கள். பென்ஷனில் மாதாமாதம் பிடிக்கிற காப்பீடு அங்கே உதவாது. அமெரிக்காவின் மெடிகேரும், 65 வயதுக்கு மேல் புதிதாகக் குடியேறுபவருக்கு, 5 ஆண்டு தொடர்ந்து அங்கே வாழ்ந்த பிறகுதான் கிடைக்கும்.

அடுத்தது பென்ஷன். தமிழ்நாடு அரசு ஓய்வூதியதாரருக்கு ஆண்டுக்கொரு நேர்காணல் உண்டு. முன்பு ஏப்ரலிலிருந்து ஜூன் வரை கருவூலத்தில் கூட்டம் நெரியும். இப்போது அவரவர் ஓய்வுபெற்ற மாதத்தில் முடித்தால் போதும். அந்த மாதத்தை ஒட்டி ஊருக்கு வரும்படி பயணத்தை அமைத்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால், இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரக அதிகாரியிடமோ அந்த ஊர் மாஜிஸ்திரேட், நோட்டரி, வங்கி அதிகாரி ஒருவரிடமோ வாழ்நாள் சான்றில் கையெழுத்து வாங்கிக் கருவூலத்துக்கு அனுப்பலாம். படிவத்தையும் அனுப்ப வேண்டிய முகவரியையும் உங்கள் சார்நிலைக் கருவூலத்தில் புறப்படும் முன்பே கேட்டு வாங்கி, ஒரு நகலைப் பிள்ளையின் போனில் வையுங்கள். சான்று போய்ச் சேராவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். கடல் கடந்து இருந்துகொண்டு அதை மீண்டும் ஓடவைப்பது பெரும்பாடு.

அடுத்து வங்கி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆறு மாதம் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வருபவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. குடியேறவே போகிறவர், தன் சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். அதில் பென்ஷன் வரவாகும். அந்தப் பணத்தை வரி போக வெளிநாட்டுக்கும் அனுப்பிக்கொள்ளலாம். ஆனால் என்.ஆர்.ஓ. டெபாசிட் வட்டிக்கு 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் வரி பிடிப்பார்கள். வரி பிடிக்க வேண்டாமென்று மூத்த குடிமக்கள் எழுதித்தரும் படிவம் அங்கே செல்லாது. அதிகமாகப் பிடித்ததைத் திரும்பப் பெற ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய ஓர் ஆடிட்டரைப் பிடித்துவையுங்கள். உள்ளூர் சிம் கார்டையும் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். ஓ.டி.பி. வராமல் போனால் சொந்தப் பணத்தையே தொட முடியாது.

வீடும் நிலமும் மிக முக்கியம். அங்கே ஒரு குளிர்காலத்தையாவது கழித்துப் பார்க்காமல் வீட்டை விற்காதீர்கள். பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் திரும்பி வர ஏங்கும் பெரியவர்களுக்கு வந்து இறங்க ஓர் இடம் வேண்டும். நிலத்துக்கும் இது பொருந்தும். வெளிநாடுவாழ் இந்தியர் ஆன பிறகு இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது; முன்பு வாங்கியதையும் பரம்பரையாக வந்ததையும் வைத்திருக்கலாம். கடலைக்காட்டை ஒருமுறை விற்றால் மறுபடி வாங்கச் சட்டம் இடம் தராது.

பிள்ளைக்குத்தானே என்று செட்டில்மெண்ட் எழுதி வைக்கவும் அவசரப்படாதீர்கள்; உயில் போதும். எழுதியே ஆக வேண்டுமென்றால், பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாகப் போடுங்கள். 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்துசெய்ய வழி தருகிறது.

கிளம்பும் முன் வில்லங்கச் சான்று எடுத்து, பட்டா உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கோ மச்சானுக்கோ பவர் கொடுப்பதென்றால், வாடகை வாங்குவது, வரி கட்டுவது, மின்வாரிய வேலை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். விற்கும் அதிகாரம் வேண்டாம். இங்கேயே பதிவு செய்துவிடுவது எளிது. வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும்.

கடைசியாக, பி.பி.ஓ. புத்தகத்தை எடுத்து உங்கள் மனைவியின் அல்லது கணவரின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடும் பாஸ்போர்ட்டோடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்ப ஓய்வூதியம் அந்தப் பெயரில்தான் போக வேண்டும். அங்கே நேரும் மரணத்தை இந்தியத் தூதரகத்திலும் பதிவு செய்யலாம் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும், நேரில் போய்க் கையெழுத்துப் போட முடிகிற இப்போதே கருவூலத்தில் திருத்த மனு கொடுத்துவிடுங்கள்.