குட்டிக்குச் சில வாரம் நம் வீடு

மழைக்காலம் வந்தால் மும்பையில் பூனைக்குட்டிகளின் குரல் அதிகம் கேட்கும். மாடிப்படிக்குக் கீழே கேட்கும். மீன் மார்க்கெட்டின் பின்னால் கேட்கும். ஒரு தாய்ப் பூனை ஒரு தடவையில் 3 முதல் 5 குட்டிகள் போடும். வருடத்தில் இரண்டு மூன்று தடவை கூடப் போடும். ஆனால் எல்லாக் குட்டிகளும் பிழைப்பதில்லை. குளிர், பசி, நாய், வண்டிச் சக்கரம், நோய் என்று பல எமன்கள்.

இப்படிப்பட்ட குட்டிகளைச் சிலர் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். தாங்களே வைத்துக்கொள்வதற்காக அல்ல. குட்டி தேறும் வரை பார்த்துக்கொள்வார்கள். பிறகு நல்ல வீடு பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். இதை இடைக்கால வளர்ப்பு என்று சொல்லலாம். விலங்குக் காப்பகங்களில் இடம் குறைவு. பல குட்டிகளை ஒரே கூடத்தில் வைத்தால் நோய் சீக்கிரம் தொற்றும். அதைவிட ஒரு சின்ன வீட்டின் மூலை நல்லது.

பரேலில் ஒரு தையற்காரப் பெண் இருப்பதாக நினைத்துக்கொள்வோம். ஒரே அறை வீடு. அவருக்குப் பத்து வயது மகன். அவன் ஒருநாள் பூனைக்குட்டி ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருகிறான். "அம்மா, இதுக்கு யாருமே இல்லம்மா" என்கிறான்.

யாரும் இல்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தாய்ப் பூனை இரை தேடப் போயிருக்கலாம். அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கலாம். பக்கத்தில் ஆள் நின்றால் அது வராது. குட்டி உலர்ந்து, வயிறு நிறைந்து தூங்கினால் தொடக் கூடாது. தள்ளி நின்று சில மணி நேரம் பார்க்க வேண்டும். தாய்ப்பாலுக்கு ஈடு கிடையாது. ஆனால் பையன் கொண்டுவந்த குட்டி மழையில் நனைந்து விறைத்திருக்கிறது. காலில் எறும்பு மொய்க்கிறது. இதைக் காத்திருந்து பார்க்க முடியாது. எடுத்து வந்தது சரிதான்.

இனி என்ன செய்வது? பலர் உடனே ஒரு கிண்ணத்தில் பசும்பால் ஊற்றி வைப்பார்கள். இதில் இரண்டு தவறு இருக்கிறது.

முதல் தவறு அவசரம். குளிர்ந்த உடம்பில் பால் செரிக்காது. முதலில் சூடு, பிறகுதான் பால். ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணியால் சுற்ற வேண்டும். அதை அட்டைப் பெட்டியின் ஒரு பக்கம் வைக்க வேண்டும். மறுபக்கம் சூடு இல்லாமல் இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக இடம் வேண்டும் அல்லவா?

இரண்டாவது தவறு பசும்பால். அது குட்டிக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். சின்ன உடம்பு. நீர் வற்றினால் ஒரே நாளில் போய்விடும். பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் விற்கிறது. கிடைக்காவிட்டால் கால்நடை மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பால் கொடுக்கும் விதமும் முக்கியம். நம் குழந்தையை மடியில் மல்லாத்திப் பால் கொடுக்கிறோம். பூனைக்குட்டியை அப்படிச் செய்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். அது குப்புறப் படுத்துத்தான் குடிக்க வேண்டும். குடித்த பிறகு இன்னொரு வேலை உண்டு. ஈரத் துணியால் அதன் அடிப்பக்கத்தை மெதுவாகத் துடைக்க வேண்டும். தாய் நக்கிவிடுவது போல. முதல் மூன்று வாரம் அப்படிச் செய்தால்தான் குட்டி சிறுநீரும் மலமும் கழிக்கும்.

கண் திறக்காத குட்டிக்கு வயது இரண்டு வாரத்துக்குள் இருக்கும். அதற்கு இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை பால் வேண்டும். இரவிலும் வேண்டும். இங்கேதான் நன்றாக யோசிக்க வேண்டும். இரவில் நாலு தடவை எழுந்தால், மறுநாள் தையல் மிஷினில் கண் சொக்கும். ஊசி விரலில் ஏறும். முடியாது என்றால் முடியாது என்று சொல்லலாம். அதில் வெட்கம் இல்லை. நாலு வாரம் தாண்டிய குட்டியாக எடுத்துக்கொள்ளலாம். அது குழைத்த உணவைத் தானே தின்னத் தொடங்கும்.

இனி, எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு வேலை. குட்டிக்கென்று ஒரு நோட்டுப் போட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுத வேண்டும். மளிகைக் கடையின் மின் தராசு போதும். குட்டி தினமும் சுமார் 10 கிராம் கூட வேண்டும். இந்தப் பக்கத்தைப் படியுங்கள்:

ஜூலை 8 – 240 கிராம்
ஜூலை 9 – 252 கிராம்
ஜூலை 10 – 252 கிராம்
ஜூலை 11 – 244 கிராம்

11-ஆம் தேதி குட்டி விளையாடிக்கொண்டுதான் இருக்கிறது. பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நோட்டு சொல்கிறது. அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பரேலில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய பெரிய விலங்கு மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கும். வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடக் கூடாது. பாரசிட்டமால் பூனைக்கு விஷம். அந்துருண்டையும் விஷம்தான்.

பூனைகளுக்குப் பேன்லூக்கோபீனியா என்று ஒரு நோய் வரும். பெயர் வாயில் நுழையாது. நோயோ ஒரு வீட்டுக் குட்டிகளை மொத்தமாகக் கொண்டுபோய்விடும். வாந்தி, பேதி, சோர்வு. இந்தக் கிருமி தரையில் பல மாதம் உயிரோடு இருக்கும். பினாயில் ஊற்றினால் கிருமி போகாது. பூனைக்குத்தான் கெடுதல். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் துடைத்து, நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும். வீட்டில் வேறு பூனை இருந்தால் புதுக் குட்டியை இரண்டு வாரம் தனியாக வைக்க வேண்டும். தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கலாம்.

குட்டி கடித்தாலோ கீறினாலோ அலட்சியம் கூடாது. வெறிநோய் பூனையிடமிருந்தும் வரும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

எட்டு வாரம் ஆன பிறகு குட்டியைக் கொடுக்கலாம். யாருக்கு? கேட்டவருக்கெல்லாம் அல்ல. அந்த வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? மேல் மாடி என்றால் ஜன்னலுக்கு வலை இருக்கிறதா? கருத்தடை செய்வார்களா? பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடும். பிறகு அதே மாடிப்படி, அதே குரல். வேண்டாம் என்று தோன்றினால் தெருவில் விடாமல் திருப்பித் தருவார்களா? வளர்த்த விலங்கைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கொடுக்கும் நாளில் பையன் அழுவான். "நாமே வச்சுக்கலாம்மா" என்பான். அம்மாவுக்கும் மனசு கேட்காது. பலருடைய இடைக்கால வளர்ப்பு அப்படியே நின்றுபோவது இந்த இடத்தில்தான். வைத்துக்கொள்வது குற்றமில்லை. ஆனால் ஒற்றை அறையில் இது நிரந்தரமாகத் தங்கிவிட்டால், அடுத்த மழையில் வரும் குட்டிக்குப் பெட்டி வைக்க மூலை இருக்காது. இதை மகனுக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

குட்டியோடு அது படுத்த துணியையும் கொடுத்தனுப்ப வேண்டும். பழகிய வாசனை இருந்தால் புது இடத்தில் பயம் குறையும். நோட்டில் அதன் பக்கங்களையும் கொடுக்க வேண்டும். அதில் போட்ட ஊசி, தேதியோடு இருக்கும். பூச்சி மருந்து கொடுத்த நாள் இருக்கும். கடைசி வரியில் இனி வரவேண்டிய நாட்களை எழுத வேண்டும்: அடுத்த தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, ஆறு மாதத்துக்குள் கருத்தடை.