ஒளித்துப் பார்க்கும் பிள்ளை: பெற்றோர் அறிய வேண்டியவை

ஒரு காலத்தில் எமது கிராமங்களில் நீலப் படம் பார்ப்பதென்றால் ரெலிவிசனும் டெக்கும் வாடகைக்கு எடுக்க வேண்டும். மின்சாரம் இல்லாத இடமென்றால் ஜெனறேற்றரும் வேண்டும், அதற்கு மண்ணெண்ணெயும் வேண்டும். நாலு பேருக்குத் தெரியாமல் அது நடக்காது. இன்று அதே படம் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் உள்ளங்கையில், போர்வைக்குள், சத்தமில்லாமல் ஓடுகிறது. 2020 மார்ச் மாதம் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. கடன்பட்டும் நகையை அடகு வைத்தும் பெற்றோர் போன் வாங்கிக் கொடுத்தார்கள். பாடசாலை திறந்த பின்னரும் அந்தப் போன் பல வீடுகளில் பிள்ளையின் கையிலேயே இருந்துவிட்டது. ஆகவே, பிள்ளை கெட்டுப்போய்த்தான் இதைத் தேடிப் போனான் என்று முதலிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். தவறுதலாகத் தொட்ட ஒரு விளம்பரம், வகுப்புத் தோழன் அனுப்பிய ஒரு வீடியோ என்று இது பிள்ளையைத் தேடி வருவதும் உண்டு.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. சொந்தக் காணியில் இருந்த காலத்தில் பதினைந்து வயதுப் பையனுக்கு விடிந்தால் மாடு அவிழ்க்க வேண்டும். பின்னேரம் தோட்டத்துக்குத் தண்ணீர் மாற வேண்டும். களைத்து விழுந்து நித்திரை கொள்வான். காணியை விட்டு வந்தபின் அந்த வேலை இல்லை. தகப்பன் விடியவே கூலிக்குப் போய்விடுகிறார். சில வீடுகளில் தாய் மத்திய கிழக்கில் இருக்கிறார். ஒரே அறைக்குள் ஐந்தாறு பேர் படுக்கும் இடத்தில், வளரும் பிள்ளைக்குத் தனியே இருந்து யோசிக்கவோ அழவோ ஒரு மூலை கிடையாது. இழப்பையும் பயத்தையும் கண்ட பிள்ளை, நித்திரை வராத இரவுகளில் மனதை மரக்கச் செய்வதற்கு இதை நாடுவதும் உண்டு. ஆவலினால் தொடங்கியது துக்கத்தை மறக்கும் மருந்தாக மாறிவிட்டால், விடுவது கடினமாகிறது.

பருவ வயதில் உடலைப் பற்றியும் பாலுறவைப் பற்றியும் அறியும் ஆவல் எழுவது இயற்கை. ஒருமுறை, இருமுறை பார்த்த பிள்ளையை 'அடிமை' என்று அழைக்கக் கூடாது. உணர்ச்சியையும் இன்பத்தையும் தூண்டும் மூளைப் பகுதிகள் இவ்வயதில் வேகமாக வேலை செய்கின்றன. 'பொறு, யோசி' என்று தடுக்கும் முன்மூளையோ இருபது வயதைக் கடந்த பின்னரும் வளர்ந்துகொண்டேயிருக்கும். ஆகவே 'விட நினைத்தேன், முடியவில்லை' என்று பிள்ளை சொன்னால் அது எப்போதும் சாட்டு அல்ல.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 'ஆபாசப் பட அடிமை' என்று தனியாக ஒரு நோய் இல்லை. ஆனால் 2022 தொடக்கம் நடைமுறையிலுள்ள 11ஆம் பதிப்பில், கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அதன்படி, தன்னைக் கட்டுப்படுத்த இயலாத நிலை நீண்ட காலம், அதாவது ஆறு மாதமளவோ அதற்கு மேலோ தொடர வேண்டும். படிப்பு, குடும்பம், உறவு என்பன அதனால் கெட வேண்டும். 'இது பாவம், நான் கெட்டவன்' என்ற மனவேதனை மட்டும் அக்கோளாறுக்குப் போதிய அடையாளமாகாது என்றும் அங்கே கூறப்பட்டுள்ளது. பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளையை வாட்டுவது பழக்கமா, பழக்கத்தைப் பற்றிய வெட்கமா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எங்கே கவலைப்பட வேண்டும்? இரவெல்லாம் விழித்திருந்து வகுப்பில் தூங்குவது, விளையாட்டையும் நண்பர்களையும் விடுவது, போனை யாராவது தொட்டால் பதறுவது, ரீலோட்டுக்கென்று வீட்டுக் காசை எடுப்பது போன்றவை சேர்ந்து வந்தால் கவனிக்க வேண்டும். இவை வேறு மனத்துயரங்களின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். பெண்பிள்ளைகளும் இதில் சிக்குகிறார்கள். அவர்கள் வாய் திறப்பது இன்னும் அரிது.

கண்டுபிடித்த அன்று பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான்: அடி, போனை உடைத்தல், அயலவர் கேட்கத் திட்டுதல். தோட்டத்தில் கோரை பிடுங்கியவர்களுக்கு இதன் பயன் விளங்கும். மேலே இழுத்தால் புல் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். அடுத்த தண்ணீருக்குத் திரும்ப முளைக்கும். இங்கே கிழங்கு என்பது தனிமையும் வெட்கமும். அடிபட்ட பிள்ளையின் வெட்கம் கூடுகிறது. வெட்கம் கூட ஒளிப்பும் கூடுகிறது. ஒளித்திருக்கும் மனம் ஆறுதல் தேடி மறுபடியும் அதே படத்துக்குத்தான் போகிறது. போனை உடைத்தால் நண்பனின் போன் இருக்கிறது.

கோபம் தணிந்த பிறகு, மற்றப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் கதையுங்கள். முகத்துக்கு நேரே இருத்தி விசாரிப்பதைவிட, வேலி கட்டும்போதோ சைக்கிளில் போகும்போதோ கதைப்பது இருவருக்கும் இலகு. ஒரு தகப்பன் இப்படித் தொடங்கலாம்:

"தம்பி, போனில என்ன பாத்தனி எண்டு எனக்குத் தெரியும். அடிக்க மாட்டன், பயப்பிடாதை. உன்ர வயசில எனக்கும் இதுகளை அறிய ஆசை இருந்தது. ஆனா நீ இரவில நித்திரை இல்லாமல் இருக்கிறது எனக்குக் கவலையா இருக்கு. விடவேணும் எண்டு நீ நினைக்கிறியோ?"

கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவன் அன்றைக்குப் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. தகப்பன் வீட்டில் இல்லையென்றால் மாமாவோ, அம்மம்மாவோ, பிள்ளை நம்பும் ஓர் ஆசிரியரோ கதைக்கலாம். ஆனால் அவனுக்குத் தெரியாமல் ஊரெல்லாம் ஆலோசனை கேட்டுத் திரியாதீர்கள். கொட்டில்கள் நெருங்கிய இடத்தில் இரகசியம் ஒரு நாளும் தங்காது.

இரண்டு விடயங்களைப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது, அப்படங்களில் நடப்பவர்கள் காசுக்கு நடிக்கிறார்கள். சிலர் கட்டாயப்படுத்தப்பட்டும் படம் பிடிக்கப்படுகிறார்கள். சம்மதம் கேட்பது, அன்பு, கர்ப்பம், நோய் எதுவும் அங்கே காட்டப்படுவதில்லை. பெண்ணை அடிப்பதும் இழிவுபடுத்துவதும் இயல்பானது என்று நம்பி வளரும் பையன் நாளை நல்ல கணவனாக இருப்பது கடினம். இரண்டாவது, சுயஇன்பத்தால் நரம்பு தளரும், இரத்தம் வற்றும், பிள்ளைப்பேறு கிடையாது என்று பரவும் கதைகள் உண்மையல்ல என்பதே வைத்தியர்களின் கருத்து. இந்தப் பயத்தை வைத்துப் பிழைப்பவர்களின் விளம்பரங்கள் பத்திரிகைகளில் நெடுங்காலமாக வருகின்றன. பயந்த பையன்கள் களவாகக் காசு சேர்த்து அங்கே கொடுக்கிறார்கள்.

போன் விடயத்தில் வீட்டுக்கு ஒரே சட்டம் இருக்கட்டும்: இரவு ஒன்பது மணிக்குப் பின் எல்லாருடைய போனும், தகப்பனுடையதும் சேர்த்து, தாயின் தலைமாட்டில் சார்ஜில் இருக்கும். டேட்டா பொதி வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். சில பொதிகளில் ஒரு பங்கு டேட்டா நள்ளிரவுக்குப் பின் மட்டும் பாவிப்பதற்கென்றே வருகிறது. படிக்கும் பிள்ளைக்கு அது எதற்கு? கூகிள் தேடலிலும் யூரியூப்பிலும் ஆபாசத்தை வடிகட்டும் அமைப்புகள் உண்டு. ஃபமிலி லிங்க் என்ற இலவசச் செயலியால் பிள்ளையின் போன் நேரத்தைப் பெரியவரின் போனிலிருந்தே மட்டுப்படுத்தலாம். பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டே இவற்றைச் செய்யுங்கள். களவாகச் செய்தால் உளவு பார்ப்பதாகிவிடும். வேலி எவ்வளவு உயரமானாலும் ஆடு ஒரு பொட்டுக் கண்டுபிடிக்கும். வேலியை நம்பிக் கதைப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

வெறுமையான நேரத்துக்கும் ஏதாவது வேண்டும். காணி இல்லாவிட்டாலும் ஓர் ஆட்டுக்குட்டியையோ பத்துக் கோழிகளையோ பிள்ளையின் பொறுப்பில் விட்டு, வரும் காசில் ஒரு பங்கை அவனுக்கே கொடுக்கலாம். தண்டனையாகக் கொடுக்கும் வேலை இதற்கு உதவாது. பின்னேரத்தில் கரப்பந்து விளையாடப் போகும் பிள்ளையை 'படிக்காமல் எங்கே போகிறாய்' என்று மறிக்காதீர்கள்.

சில சந்தர்ப்பங்களில் விடயம் பழக்கத்தைத் தாண்டியது. வயதில் மூத்த ஒருவர் பிள்ளைக்கு இப்படங்களைக் காட்டினால், அது பிள்ளையைத் துர்ப்பிரயோகத்துக்குப் பழக்கும் முதற்படியாக இருக்கலாம். முன்பின் அறியாத ஒருவர் இணையத்தில் நட்பாகி, நிர்வாணப் படம் வாங்கி, பிறகு காசு கேட்டு மிரட்டுவதும் நடக்கிறது. இதில் அகப்பட்ட பிள்ளைகள் வீட்டுக்குச் சொல்லப் பயந்து உயிரை மாய்த்த துயரங்கள் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன. காசு கொடுக்காதீர்கள், செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அறிவியுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் எமது நாட்டில் 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி குற்றம். வகுப்புத் தோழியின் படத்தை 'பகிடிக்கு' அனுப்பும் பையனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு கிழமை நன்றாக இருந்த பிள்ளை மறுபடியும் பார்ப்பான். அதை எதிர்பார்த்திருங்கள். 'திரும்பத் தொடங்கிட்டியோ' என்று பாய்வதற்குப் பதில், அன்றைக்கு என்ன நடந்தது, யாருடன் சண்டை, ஏன் நித்திரை வரவில்லை என்று கேளுங்கள். எந்த நேரத்தில், எந்த மனநிலையில் ஆசை எழுகிறது என்று பிள்ளையே கண்டுகொண்டால், அந்த நேரத்தில் எழுந்து வெளியே வரப் பழகலாம். மாதக்கணக்கில் முயன்றும் மாறாவிட்டால், அல்லது பிள்ளை சாகப் போவதாகக் கதைத்தால், வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். சாவைப் பற்றிக் கதைத்தால் ஒரு நாளும் பிந்த வேண்டாம், தனியே விடவும் வேண்டாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் தமிழில் கதைக்கலாம். பிள்ளையோடு கதைக்க முன், வழி கேட்பதற்காகப் பெற்றோரே முதலில் அந்த இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம்.