உணவும் முகப்பருவும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. ஆயின், முகத்திற் பரு தோன்றிய இளைஞனை நோக்கி, "கண்டதையெல்லாம் உண்டாய்; அதனால் வந்தது" என்று கடிந்துரைப்போர் அப்பழமொழியைப் பிழைபடக் கொண்டவராவர். நாம் கல்லூரி விடுதியில் வாழ்ந்த காலத்தில் எம்முடன் பயின்ற மாணவனொருவன் முகப்பருவினாற் பெரிதும் வருந்தினான். எண்ணெயே காரணமென்று பெரியோர் கூற, அவன் பொரியலை விட்டான், நெய்யை விட்டான், தேங்காய்ச் சம்பலையும் விட்டான். பசியாறச் சீனி மிகுந்த தேநீரையும் பாணையும் இனிப்புப் பண்டங்களையும் நாடினான். பருவோ தணியவில்லை. இறுதியாண்டிற் குழுப்படம் எடுத்த அன்று அவன் அறையை விட்டு வெளிவரவில்லை. அப்படத்தில் அவனுக்குரிய இடம் இன்றும் வெறுமையே. அவன் விட்டவை எவை, விடாதவை எவை என்பதை இக்கால அறிவு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் பரு தோன்றுமாற்றை அறிதல் வேண்டும். நம் தோலிலுள்ள மயிர்க்குழிகளை அடுத்து நெய்ச்சுரப்பிகள் அமைந்துள்ளன. பூப்புப் பருவத்திற் பெருகும் ஓமோன்கள் அச்சுரப்பிகளைத் தூண்ட, நெய் மிகுதியாகச் சுரக்கின்றது. உதிரவேண்டிய தோற்கலங்கள் அந்நெய்யுடன் சேர்ந்து குழியின் வாயை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட குழியிற் பற்றீரியாக்கள் பெருக, அவ்விடம் சிவந்து வீங்குகின்றது. இதுவே பரு. கரும்புள்ளியின் கருமை அழுக்கன்று; அடைப்பின் மேற்பகுதி காற்றுப் பட்டுக் கறுத்தலே அதற்குக் காரணமாம். உண்ட எண்ணெய் அவ்வண்ணமே சென்று முகத்திற் கசிவதில்லை என்பதும் இதனாற் பெறப்படும்.

அங்ஙனமாயின் உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லையோ எனின், மருத்துவ உலகம் நெடுங்காலம் அவ்வாறே கருதியிருந்தது. அக்கருத்தை வலியுறுத்தியது 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வாகும். 65 பேருக்குச் சொக்கிலேற்றுப் பண்டமும், அதனையொத்த வேறொரு பண்டமும் நான்கு நான்கு கிழமைகள் கொடுத்துப் பார்த்து, பருவில் வேறுபாடில்லை என்றனர். ஆயின் ஒப்பிடக் கொடுத்த பண்டத்திலும் சீனியும் கொழுப்பும் நிறைந்திருந்தன. இனிப்பை இனிப்போடு ஒப்பிட்டு, இனிப்பினால் தீங்கில்லை எனல் எங்ஙனம் பொருந்தும்?

2002ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு இவ்வினாவை மீண்டும் எழுப்பியது. பப்புவா நியூகினியைச் சேர்ந்த கிற்றாவா என்னும் தீவில் 1200 பேரைப் பார்வையிட்டோர், அவருள் ஒருவரிடத்தேனும் முகப்பருவைக் கண்டிலர். அம்மக்களின் உணவு கிழங்கு, பழம், தேங்காய், மீன் என்பனவாம். சீனியும் தீட்டிய மாவும் அவர்தம் உணவில் இடம்பெற்றன அல்ல. குலவழி இயல்பும் வாழ்க்கை முறையும் இதற்குத் துணைசெய்திருத்தல் கூடும். எனினும் எம் தோழன் அஞ்சி விலக்கிய தேங்காய் அவர்களது நாளாந்த உணவென்பது கருதத்தக்கது. மாப்பொருள் அனைத்தும் ஒன்றல்ல என்பதும் இதனால் விளங்கும். அவித்த கிழங்கு வேறு. சீனியிட்ட விசுக்கோத்து வேறு.

2007ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயது வரையுள்ள இளைஞர் 43 பேரை இரு கூறாக்கி, 12 கிழமைகள் ஆராய்ந்தனர். இரத்தத்தில் வெல்லத்தை விரைந்து ஏற்றாத உணவை உண்ட கூட்டத்தாருக்குப் பருக்கள் சராசரியாக 23க்கு மேற் குறைந்தன; மற்றையோருக்கு 12 அளவே குறைந்தன. முன்னையோரின் உடல் நிறையும் குறைந்தமையால், பயன் முழுவதும் உணவின் தன்மையாலேயே வந்ததெனத் துணிதற்கில்லை. ஆயினும் காரணம் ஓரளவு தெளிவாகவே உள்ளது. சீனியும் வெள்ளை மாவும் விரைந்து செரித்து இன்சுலினை மிகுவிக்கின்றன. இன்சுலின் மிகும்போது நெய்ச்சுரப்பியைத் தூண்டும் ஓமோன்களும் வலுப்பெறுகின்றன. பால் மிகுதியாக அருந்துவோரிடத்துப் பரு சற்று மிகுந்து காணப்படுகின்றதெனச் சில ஆய்வுகள் கூறும். ஆயின் பாலே காரணமென்பது நிறுவப்படவில்லை. ஆதலின் வளரும் பிள்ளைக்குப் பாலை மறுத்தல் முறையன்று.

மிகைபடப் பத்தியங் காத்தலும் தீதாம். 1933ஆம் ஆண்டில், கொழும்பிற் பணிபுரிந்த லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் மருத்துவ அறிஞர், மயிர்க்குழிகள் தடித்துச் சொரசொரப்பாகும் ஒரு தோல் நோயை விளக்கி, தேரையின் தோல் என்னும் பொருள்படும் கிரேக்கப் பெயரை அதற்கு இட்டார். அது மிகையுணவால் வந்ததன்று. விற்றமின் ஏயும் பிற போசணைப் பொருள்களும் குறைந்தமையால் வந்தது. தோலுக்குக் கொழுப்பும் புரதமும் உயிர்ச்சத்துக்களும் இன்றியமையாதன. அதற்காக விற்றமின் ஏ மாத்திரையைத் தாமாகவே அளவின்றி உட்கொள்ளலும் ஆகாது. அது மிகின் நஞ்சாகும்.

ஆதலின் நாம் கூறத்தக்கன இவை: தேநீரிற் சீனியைப் படிப்படியாகக் குறைத்தல் நன்று. இனிப்புப் பானங்களையும் வெள்ளைப் பாணையும் விசுக்கோத்தையும் சுருக்கி, தவிடு முற்றும் நீக்காத அரிசிச் சோறு, பயறு, கடலை, கீரை, காய்கறி, பழம் என்பவற்றைப் பெருக்குக. பயனை அறிய மூன்று மாதமேனும் பொறுத்தல் வேண்டும். பருவைக் கிள்ளுதலும் முகத்தைத் தேய்த்துக் கழுவுதலும் தவிர்க்கத்தக்கன. நோவுடன் கூடிய பெரும் பருக்களோ தழும்போ தோன்றின், உணவை மாத்திரம் நம்பிக் காலங் கடத்தாது மருத்துவரை நாடுக. ஏனெனில், பரு மறைந்தாலும் தழும்பு எளிதில் மறையாது.

இங்ஙனம் உணவைத் திருத்திய பின்னும் சிலர்க்குப் பரு நீங்காதிருக்கலாம். அது அவர் செய்த குற்றமன்று. பருவத்தின் இயல்பும் பரம்பரையுமே அதற்குப் பெருங் காரணங்கள். இன்று தந்தையராயும் பாட்டன்மாராயும் விளங்கும் பழைய மாணவர் தம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துரைப்பாராக. உணவுத் தட்டைச் சுட்டிப் பழித்தலை விடுத்து, அத்தட்டில் நல்லதை இட்டு அன்போடு அருகிருப்பாராக. இனி எடுக்கப்படும் குழுப்படங்களில் எவனுடைய இடமும் வெறுமையாக இருத்தலாகாது.