இடம் மாறினால் கணினியின் பெயரும் மாற வேண்டுமா?

எங்கள் பள்ளி மடிக்கணினி ஒரே வாரத்தில் மூன்று வலையமைப்புகளில் சேர்கிறது: பள்ளியின் கணினி ஆய்வகம், பயிற்சி நடக்கும் வட்டார வள மையம், சில நாள்கள் என் வீட்டு வைஃபை. ஒவ்வோர் இடத்திலும் அதன் ஐபி முகவரி மாறும். "அப்போ பேரும் மாறுமா சார்?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். பதில் சொல்லி முடிக்க ஒரு பாடவேளை ஆயிற்று.

முகவரியைத் தருவது வலையமைப்பு. ஹோஸ்ட்நேம் எனப்படும் பெயரோ கணினிக்குள்ளேயே இருப்பது. விண்டோஸை நிறுவும்போது நாம் பெயர் வைக்காவிட்டால், 'டெஸ்க்டாப்' என்பதோடு ஏழு எழுத்தெண்களைச் சேர்த்து அதுவே ஒன்றை வைத்துக்கொள்ளும். வகுப்பு மாறினால் பெஞ்சு மாறும், வருகைப் பதிவேட்டில் பெயர் மாறாது என்று விளக்கினேன். "வீட்ல என்னைப் பாப்பான்னுதானே கூப்பிடுறாங்க?" என்றாள். நான் சொன்னதைவிட நல்ல உவமை. ஒரே கணினியை ஒவ்வொரு வலையமைப்பும் வெவ்வேறு பெயரால் அழைக்கலாம். அந்தந்த இடத்து டிஎன்எஸ் சேவையகம் அதைப் பார்த்துக்கொள்ளும். அதற்காகக் கணினி தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டில் பாப்பா என்பதற்காகப் பதிவேட்டைத் திருத்துகிறோமா என்ன!

பெயர் மாறினால் என்ன கெடும்? எங்கள் ஆய்வக அச்சுப்பொறி ஒரு கணினியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. மற்றவை அந்தக் கணினியின் பெயரைச் சொல்லித்தான் அச்சுப்பொறியைத் தேடுகின்றன. பெயரை மாற்றினால் எல்லாக் கணினியிலும் இணைப்பை மறுபடி அமைக்க வேண்டும். லினக்ஸில் பெயரை மட்டும் மாற்றி, ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தாமல் விட்டால், சூடோ கட்டளை கொடுக்கும்போது 'இந்தப் பெயர் எங்கிருக்கிறது என்று தெரியவில்லை' என்று முணுமுணுக்கும்.

ஆனால் மாறாத பெயரிலும் ஓர் ஆபத்து உண்டு. ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். முகவரி கேட்கும்போது கணினி பெரும்பாலும் தன் பெயரையும் சேர்த்தே அனுப்புகிறது. ரவுட்டரின் பட்டியலில் அது தெரியும். ஒரு ஆசிரியை தன் பெயரையும் பள்ளியின் பெயரையும் சேர்த்து மடிக்கணினிக்கு வைத்திருந்தால், பேருந்து நிலைய இலவச வைஃபையில் சேர்ந்த நொடியே அவர் யார், எங்கே வேலை பார்க்கிறார் என்பது யாரோ ஒருவருக்குப் போய்விடுகிறது. இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2017இல் ஆர்எஃப்சி 8117 என்ற ஆவணத்தில் இதைத்தான் எச்சரித்தது. வைஃபை அட்டையின் எண்ணை இடத்துக்கு இடம் மாற்றினாலும், பெயர் மாறாமலிருந்தால் அதே கணினிதான் என்று கண்டுபிடித்துவிடலாம்.

அப்படியானால் இடத்துக்கு இடம் பெயரை மாற்றுவதா? கண்காணிப்புக்கு அஞ்ச வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு அது தேவைப்படலாம். பள்ளிக்கு அது வீண் வேலை என்பதே என் எண்ணம். ஆளையும் ஊரையும் காட்டாத பெயராக ஒன்றை வைத்து, அதை அப்படியே விட்டுவிடலாம். கணினிக்குச் சொந்தப் பெயரை வைக்காதீர்கள், ஏதாவது ஒரு வகைப் பெயர்களிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று 1990இல் வந்த ஆர்எஃப்சி 1178உம் சொல்கிறது.

மாணவர்கள் குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களை எடுத்துக்கொண்டார்கள். ஆங்கில எழுத்து, எண், நடுவில் சிறுகோடு மட்டும். 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்றேன். ஏனென்றால் விண்டோஸின் பழைய நெட்பயாஸ் முறைக்கு அதுதான் எல்லை. சிறுசெங்குரலியை எழுதி எண்ணிப் பார்த்தார்கள், 13தான் வந்தது. அச்சுப்பொறி இருக்கும் கணினிக்குக் காந்தள். ஊர் சுற்றும் மடிக்கணினிக்கு அனிச்சம் என்றான் ஒருவன். "வேணாம் சார், வாடிரும்" என்று மறுத்து, வேங்கை என்று வைத்துவிட்டார்கள்.